சிவப்பு அட்டை காட்டியும் நிறுத்தாமல் பேசினால் என்ன செய்வது? (உறுப்பினர் உரை மாலை, மதுரை)

வைகைக்கரை எழுதியது:

நேத்து சாயங்காலம் எங்க பேச்சுக் கிளப்ல உறுப்பினர் உரைகள். காளவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்துறோம். மத்த வாரமெல்லாம் இங்கிலீஷ், மாசத்துல ஒரு கூட்டம் மட்டும் முழுக்கத் தமிழ். நேத்து தமிழ்க் கூட்டம். நாலு பேர் பேசினாங்க. நாலாவது பேச்சால வாசல்ல நின்னு வாக்குவாதம், பருத்திப்பால் வண்டிக்காரர் தூக்கைக் கழுவிக் கவுத்துற வரைக்கும் ஓடுச்சு. மிச்சத்தை இங்க பேசலாம்.

இந்தக் கிளப் பழக்கம் தெரியாதவங்களுக்கு: மேடைப் பேச்சுப் பழகுற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகளோட முறைதான். பேச்சுக்கு 5 முதல் 7 நிமிஷம். டைமர் 5-ல பச்சை, 6-ல மஞ்சள், 7-ல சிவப்பு அட்டை காட்டுவார். முதல் பேச்சுக்கு மட்டும் 4 முதல் 6. அரை நிமிஷம் முன்ன பின்ன போகலாம், அதைத் தாண்டினா அன்னைக்குச் சிறந்த பேச்சுக்கான ஓட்டுல பேர் வராது. பேச்சு முடிஞ்சதும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் எழுந்து 2, 3 நிமிஷம் எது நல்லா இருந்துச்சு, எதை மாத்தலாம்னு சொல்வார்.

முதல்ல நர்சிங் படிக்கிற பொண்ணு, உசிலம்பட்டிப் பக்கம். முதல் பேச்சு, ஐஸ் பிரேக்கர். வரி வரியா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கு. நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சு. அதைத் தேடி நின்ன நேரத்துல மூச்சு வாங்குற சத்தம் மைக்ல கேட்டுச்சு. அப்புறம் எப்படியோ ராத்திரி டூட்டியில ஒரு தாத்தா 'மணி என்னம்மா, மணி என்னம்மா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்ததைச் சொல்லி முடிச்சுட்டு இறங்கிடுச்சு. பச்சை அட்டைக்கே போகலை.

ரெண்டாவது, கூட்டுறவு வங்கியில இருந்து ஓய்வு பெற்ற சார். முல்லைப் பெரியாறு. ஆராய்ஞ்சு பேசுற பயிற்சி. 1887-ல வேலை ஆரம்பிச்சது, 1895-ல முடிஞ்சது, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த கட்டுமானம், மேற்க ஓடின தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்க வைகைக்குத் திருப்பினதுன்னு நல்லா எடுத்துட்டு வந்தார். பிறகு 176 அடி, 152 அடி, 142 அடி, 136 அடின்னு நாலு உயரம். எது அணையோட உயரம், எது முழுக் கொள்ளளவு, எது 2014-ல உச்ச நீதிமன்றம் அனுமதிச்சது, எது அதுக்கு முன்ன இருந்த வரம்புன்னு பிரிச்சுச் சொல்றதுக்குள்ள மஞ்சள் வந்துருச்சு. சார் வேகத்தைக் கூட்டினார். நமக்குத் தலை சுத்துச்சு.

மூணாவது, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில வேலை பார்க்கிற அக்கா. சுங்குடிச் சேலை. முடிச்சு அவிழ்க்காத துணியைக் கொண்டு வந்து, பேசிக்கிட்டே ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தாங்க. முடிச்செல்லாம் பொலபொலன்னு அவிழ்ந்து புள்ளி தெரிஞ்சுது. கச்சிதமா ஆறரை நிமிஷம்.

நாலாவதுதான் விஷயம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்கிற அண்ணன். மல்லிகை விலை. ஏன் ஒரு கிலோ இன்னைக்கு நூறுகள்ல இருக்கு, நாளைக்கு ஆயிரங்கள்ல போகுது? மார்கழிப் பனியில மொட்டு எப்படிச் சுருங்குது, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கடையில போன் எப்படி அடிக்கும், விடியுமுன்ன பறிச்ச மொட்டு ஏன் அன்னைக்கே போயாகணும், வெயில் ஏற ஏற மூட்டையில எடை எப்படிக் குறையும். உக்காந்திருந்த அத்தனை பேரும் வீட்டுல தினம் பூ வாங்குறவங்கதான், ஒருத்தருக்கும் இதெல்லாம் தெரியாது. சிவப்பு அட்டை ஏறுச்சு. பேசுறார். டைமர் பையன் எழுந்தே நின்னுட்டான். அண்ணன் அவனைப் பாத்து, "தம்பி, அட்டையைக் கீழ போடு, கை வலிக்கப் போகுது"ன்னார். ஹாலே சிரிச்சுது. பதினோரு நிமிஷம் சொச்சம்.

ஓட்டுல பேர் வரலை. சுங்குடி அக்காவுக்குப் பரிசு. பின் வரிசையில முணுமுணுப்பு, "ஜெயிச்சவரை வெளிய நிறுத்திட்டு யாருக்கோ குடுக்குறாங்க"ன்னு.

என் கட்சியைச் சொல்லிடுறேன். ஏழரையில நிறுத்தியிருக்கணும். எட்டரைக்கு வாட்ச்மேன் சாவியோட வந்துடுவார். டேபிள் டாபிக்ஸ் (தலைப்பை அங்கேயே குடுத்து உடனே பேசச் சொல்றது) மொத்தமும் போச்சு. மதிப்பீட்டாளர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் கிடைச்சுது. அந்த நர்சிங் பொண்ணுக்கு அன்னைக்கு வேண்டியிருந்தது அந்த மூணு நிமிஷம்தான். உங்க ஊர்ல, உங்க கிளப்ல எப்படி?

மாசிவீதி_மாப்ள எழுதியது:

அண்ணே நானும் அங்கிட்டு பின்னாடிதான் உக்காந்திருந்தேன். பதினோரு நிமிஷம் போனதே தெரியலண்ணே. அணை சார் ஏழு நிமிஷத்துல முடிச்சாரு, எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்துச்சு. நல்லா பேசுறவர வெளிய தள்ளுற ரூல வச்சு என்ன பண்ண? அவிங்க காலையில நாலு மணிக்குக் கடை தொறந்து வேல பாத்துட்டு, அதுக்கப்புறம் இங்க வந்து பேசுறாய்ங்க. அட்டையக் காட்டி ஓட்டுனா அடுத்த வாட்டி வருவாரா?

பழைய_பட்டிமன்றம் எழுதியது:

தம்பி சொல்வது சரி. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் வைத்த ஊர் இது. அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா பட்டிமன்ற நடுவராக உலகத் தமிழரை எல்லாம் உட்கார வைத்தார், 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த ஊருக்குக் கலர் அட்டை காட்டிப் பேச்சுச் சொல்லித்தர வேண்டுமா?

நான் பல வருடம் ஊர்த் திருவிழாக்களுக்குப் பட்டிமன்றம் ஏற்பாடு செய்து கொடுத்தவன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மேடை ஏறுவோம். அங்கேயும் மணி உண்டு. ஆனால் நடுவர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் மணியடிப்பார். முன் வரிசைப் பெரியவர்கள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவர் கை மணிக்குப் போகாது. கொட்டாவி விட்டால் நாலாவது நிமிடத்திலேயே அடித்துவிடுவார். சபைக்குத் தகுந்த நேரம். பூ வியாபாரியை ஏழாவது நிமிடத்தில் நிறுத்துகிற டைமருக்குச் சபை தெரியவில்லை என்பேன்.

கோரிப்பாளையம்_24 எழுதியது:

ஐயா, அதே பட்டிமன்றத்துல மூணாவதா, நாலாவதா பேச உக்காந்திருக்கிறவங்க கதையையும் சொல்லுங்க. முதல் ஆள் இருபத்தஞ்சு நிமிஷம் எடுத்துட்டா, கடைசி ஆளுக்கு 'சுருக்கமா முடிச்சுக்கோங்க'ன்னு சீட்டு வரும். பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள் புதுசா வந்த பொண்ணாத்தான் இருக்கும்.

அட்டை எங்க இருந்து வந்துச்சுன்னும் பாருங்க. டோஸ்ட்மாஸ்டர்ஸை ஆரம்பிச்சது ரால்ஃப் ஸ்மெட்லின்னு ஒருத்தர், ஒய்.எம்.சி.ஏ.வுல வேலை பார்த்தவர். அங்க வர்ற பசங்களுக்குக் கூட்டம் நடத்தவும் நாலு பேர் முன்ன எழுந்து பேசவும் தெரியலைன்னு 1905-லயே இல்லினாய்ஸ்ல ஒரு குழு ஆரம்பிச்சார். அவர் ஊர் மாறினதும் அது நின்னுபோச்சு. 1924 அக்டோபர்ல கலிபோர்னியா சாண்டா அனாவுல மறுபடி ஆரம்பிச்சதுதான் நிலைச்சது. பேச்சாளர்களை வச்சுப் புகழ் சேர்க்க வந்த சபை இல்ல அது. வாயே திறக்காதவங்களுக்கு முறை வச்சுப் பேச விட்ட இடம். முறைன்னா ஒருத்தர் நேரத்தை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதுக்காக அவங்களை உத்தமர்னு சொல்ல வரலை. பெண்களை உறுப்பினரா சேர்த்ததே 1973-லதான்.

சிம்மக்கல்_வாசகர் எழுதியது:

நான் ஒருமுறை இப்படி ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போனேன். பேசியவர் ஒவ்வொருவருக்கும் கைதட்டல். மேடைக்குப் போகும்போது கைதட்டல், இறங்கும்போது கைதட்டல், டைமர் அறிக்கை வாசித்ததற்குக் கைதட்டல். மதிப்பீடு என்ற பெயரில் 'உங்கள் புன்னகை அருமை, கண் தொடர்பு அருமை, ஆனால் கைகளை இன்னும் கொஞ்சம் பயன்படுத்தலாம், மொத்தத்தில் அருமை'. முன்னும் பின்னும் பாராட்டி நடுவில் ஒரு குறையைச் செருக வேண்டுமாம். நாலு கூட்டம் போனவனுக்கு அந்த 'ஆனால்' எப்போது வரும் என்று தெரிந்துவிடும், முன்னால் சொல்கிற பாராட்டைக் காதில் வாங்கவே மாட்டான்.

இந்த மூன்று நிமிடம் போய்விட்டது என்று வைகைக்கரை வருத்தப்படுவது எனக்குப் புரியவில்லை. போனால் போகட்டும். பூ வியாபாரியையாவது கேட்டீர்கள்.

மைக்செட்காரன் எழுதியது:

நேரச் சண்டை உங்களோட. நமக்கு ஒரு வேண்டுகோள். பேச வர்றவங்க மைக்கைத் தட்டிப் பாக்காதீங்க, 'ப்பூ, ப்பூ'ன்னு ஊதாதீங்க. 'வணக்கம்'னு சொன்னாலே கேக்குதா இல்லையான்னு தெரிஞ்சிரும்.

வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல ஒரு கைப்பிடி இடைவெளி. தலையைத் திருப்புனா மைக்கும் கூடவே திரும்பணும். பாதிப் பேரு வலது பக்கம் பாத்துப் பேசுறாங்க, மைக்கு இடது பக்கம் நிக்குது. மைக்குத் தலையப் பொத்திப் பிடிக்கிறது இப்ப பசங்களுக்கு ஸ்டைலா இருக்கு. கம்பி வலைக்குப் பின்னாடி இருக்கிற இடைவெளிதான் பின்னாடியிருந்து வர்ற சத்தத்தைத் தள்ளிவிடுறது. அதை மூடுனா எல்லாப் பக்கமும் சத்தத்தை வாங்கி ஊளையிடும். அப்புறம் 'மைக்செட் சரியில்ல'ன்னு நம்மளைத் திட்டுவாங்க. ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னாடி போய் நிக்கிறதும் அதே கதைதான். ஃபேனுக்கு நேர் கீழயும் நிக்காதீங்க.

நாப்பது பேர் உக்கார்ற ஹாலுக்கு மைக்கே வேணாம்ங்கிறது என் அபிப்பிராயம். தொழிலுக்குக் கேடு, இருந்தாலும் சொல்றேன். பைபாஸ் ரோட்டு ஹாரனுக்கு ஜன்னலைச் சாத்திக்கிட்டு, கடைசி வரிசைக்குக் கேக்குற மாதிரிப் பேசிப் பழகுங்க.

திருநகர்_தமிழாசிரியை எழுதியது:

சிம்மக்கல் வாசகருக்கு: தாங்கள் கேட்டது மோசமான மதிப்பீடு. அதை வைத்து மதிப்பீடே வேண்டாம் என்பது எப்படி?

பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். அங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை ஒப்பிக்கும். முதல் நிமிடம் முழுவதும் 'மேடையில் வீற்றிருக்கும்' என்று தொடங்கி நடுவர், தலைமையாசிரியர், ஆசிரியப் பெருமக்கள், மாணவச் செல்வங்கள் வரை வரிசையாக வணங்குவதிலேயே போய்விடும். அடுத்து ஒரு குறள். தலைப்பு எதுவாக இருந்தாலும் ஒரு குறள். போட்டி முடிந்ததும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வாசிப்பார்கள். பரிசு பெறாத பதினைந்து பிள்ளைகளில் ஒருவரிடமாவது 'நீ இந்த இடத்தில் நன்றாகப் பேசினாய், இந்த இடத்தில் எங்களை விட்டுவிட்டாய்' என்று எவராவது சொல்லி நான் பார்த்ததில்லை. பிள்ளை வீட்டுக்குப் போய், தனக்குப் பேச்சு வராது என்று முடிவு செய்துகொள்கிறது.

பட்டிமன்ற நடுவரும் அப்படித்தான். எந்த அணி சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வார். தலைப்புக்குத்தான் தீர்ப்பு. பேசியவர் எப்படிப் பேசினார் என்பது அவர் வேலையில்லை, அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே இந்த ஊரில் மேடைக்குப் பஞ்சமில்லை, பேசி முடித்தவனிடம் உட்கார்ந்து சொல்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். நர்சிங் மாணவிக்கு அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொன்னார்கள் என்று வைகைக்கரை எழுதினால் நன்றாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

டீச்சர், நீங்க கேட்டதால எழுதுறேன். மதிப்பீடு பண்ணினவர் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், கிளப்ல பழைய ஆள். அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "பாப்பா, நீ மனப்பாடம் பண்ணினதைச் சொன்னப்ப உன் ரெண்டு கையும் பின்னாடி கட்டியிருந்துச்சு. அந்தத் தாத்தா மணி கேட்டதைச் சொன்னப்ப கை தானா வெளிய வந்து வாட்சைத் தொட்டுச்சு. அது நீ எழுதி வச்சதுல இல்லைன்னு நெனைக்கிறேன். அடுத்த தடவை அங்க இருந்து ஆரம்பி." இதுக்கே ஒரு நிமிஷம் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு விஷயம் குறிச்சு வச்சிருந்தார், துண்டுச் சீட்டைக் கையில குடுத்துட்டு உக்காந்துட்டார்.

இதுல 'அருமை' எங்க இருக்கு? பாராட்டும் இல்ல, குறையும் இல்ல. பாத்ததைச் சொன்னார். அந்த வாட்ச் விஷயம் ஹால்ல வேற யாருக்கும் தெரியலை, எனக்கும்தான்.

அணை சாருக்கு வந்த மதிப்பீடும் நல்லா இருந்துச்சு. "நாலு உயரம் சொன்னீங்க, நான் எதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்?"னு கேட்டாங்க. பென்னிகுவிக் சொந்தச் சொத்தை வித்து அணையைக் கட்டினார்னு சார் சொல்லியிருந்தார், அதுக்கு ஆதாரம் எதுன்னும் கேட்டாங்க. சார் கையில ஆதாரம் இல்லை. ஆராய்ச்சிப் பேச்சுன்னு பேர் வச்சுட்டு, மேடைக்கு மேடை சொல்ற கதையை அப்படியே சொல்லலாமான்னு கேட்டது நியாயம்தானே? அதோட அவங்க நேரமும் முடிஞ்சுது, சாருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்ல. முகம் சுண்டிப்போச்சு.

மாசிவீதி_மாப்ள எழுதியது:

பென்னிகுவிக்க எங்க ஆளுக சாமியாக் கும்புடுறாய்ங்க, லோயர் கேம்ப்ல மணிமண்டபமே இருக்கு. தேனிப் பக்கம் போயி இப்பிடி ஆதாரம் கேட்டுப் பாருங்கண்ணே.

கோரிப்பாளையம்_24 எழுதியது:

கும்புடுறதுக்கு ஆதாரம் தேவையில்ல மாப்ள. எட்டு வருஷம் காட்டுக்குள்ள நின்னு அணை எழும்பினதே போதுமான கதை. மேடையில 'ஆராய்ஞ்சேன்'னு சொன்னா மட்டும் எங்க படிச்சேன்னு ஒரு வரி சொல்லணும்.

நெறியாளர்: அணை பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பேச்சை மட்டும் பேசவும்.

சிங்கையிலிருந்து எழுதியது:

சொந்த ஊர் மேலூர், இப்போது இருப்பது சிங்கப்பூர். இங்கே தமிழிலேயே நடக்கும் கிளப் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் பழக்கம்: சிவப்புக்குப் பிறகு அரை நிமிடம் ஆனதும் கூட்டத்தை நடத்துபவர் எழுந்து கைதட்டத் தொடங்குவார், எல்லோரும் சேர்ந்துகொள்வோம். பேசியவர் சிரித்துவிட்டு இறங்குவார். முகம் சுளித்தவரைப் பார்த்ததில்லை.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று கணக்குச் சொல்வார்கள். நம்மவர்கள் சிலர் அதை நம்பி ஏழு நிமிடத்துக்கு ஆயிரம் சொல் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தமிழில் ஒரு சொல்லிலேயே வேற்றுமை, காலம், பால் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். சொல் நீளம், எண்ணிக்கை குறைவு. ஆங்கிலக் கணக்கு நமக்குச் சரிப்படாது. எழுதியதை நின்றுகொண்டு வாய்விட்டுப் பேசிப் பார்த்து, கடிகாரத்தில் ஆறு நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. மீதி ஒரு நிமிடம் சிரிப்புக்கும் தடுமாற்றத்துக்கும் போய்விடும். பூ வியாபாரி ஒரு தடவையும் வீட்டில் பேசிப் பார்த்திருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன்.

பழைய_பட்டிமன்றம் எழுதியது:

கைதட்டி இறக்குவதா! மேடையில் நிற்பவனைக் கைதட்டி இறக்குவது எங்கள் காலத்தில் அவமானம். கட்சிக் கூட்டத்தில் பிடிக்காத ஆளை அப்படித்தான் உட்கார வைப்பார்கள். சிங்கப்பூரில் சிரிப்பார்கள், மேலூரில் செய்து பாருங்கள்.

டீச்சரம்மா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், பாதியளவு. நடுவர் பேச்சைத் திருத்த மாட்டார், உண்மை. ஆனால் திருத்தம் வேறு இடத்தில் நடக்கும். நிகழ்ச்சி முடிந்து ஒரே வேனில் திரும்புவோம். கொட்டாம்பட்டி தாண்டுவதற்குள் மூத்த பேச்சாளர் இளையவரைப் பிய்த்து எடுத்துவிடுவார். 'அந்த ஜோக்கை ஏன்டா முன்னாடியே சொன்னே? சிரிப்பு அடங்குமுன்ன ஏன் அடுத்த வரிக்குப் போனே?' என்று. அப்படிக் கற்றவர்கள்தான் பின்னாளில் பெயர் எடுத்தார்கள். உங்கள் மூன்று நிமிடம் எங்களுக்கு வேனில் மூன்று மணி நேரம்.

திருநகர்_தமிழாசிரியை எழுதியது:

ஐயா, அந்த வேனில் இடம் கிடைக்காதவர்கள் எங்கே போவது? ராத்திரி இரண்டு மணிக்கு ஆண்களோடு வேனில் திரும்ப எத்தனை வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? அந்த நர்சிங் மாணவி விடுதிக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டுமோ தெரியவில்லை. எட்டரைக்கு முடிகிற கூட்டம், எல்லோர் எதிரிலும் சொல்லப்படுகிற மதிப்பீடு என்றால் அவளும் வரலாம்.

பழைய_பட்டிமன்றம் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. இருந்தாலும் கைதட்டி இறக்குவதை ஏற்க மாட்டேன்.

சிம்மக்கல்_வாசகர் எழுதியது:

தையல் மெஷின்காரர் சொன்னதைப் படித்தேன். அப்படி ஒருவர் எனக்கு வாய்த்திருந்தால் நான் இரண்டாம் முறையும் போயிருப்பேன். ஆனால் எத்தனை பேர் அவரைப் போல? மதிப்பீடு செய்யத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் காப்பாற்றினால் என்ன லாபம் என்பதுதான் என் கேள்வி, அது அப்படியே நிற்கிறது.

இன்னொரு பிடுங்கல்: 'ஆ' எண்ணுகிறவர். ஒருவர் உட்கார்ந்துகொண்டு, பேசுபவர் எத்தனை முறை 'ஆ', 'ம்' சொன்னார் என்று எண்ணுகிறார். மனிதன் யோசிக்கவே கூடாதா?

வைகைக்கரை எழுதியது:

யோசிக்கலாம், வாயை மூடிக்கிட்டு யோசிக்கலாம்னுதான் சொல்றாங்க. தமிழ்க் கூட்டத்துல 'ஆ', 'ம்' அவ்வளவா வராது. நம்ம ஆளுங்களுக்கு 'வந்து', 'பாத்தீங்கன்னா', 'என்ன சொல்ல வர்றேன்னா'. நேத்து அணை சார் பேச்சுல 'பாத்தீங்கன்னா' மட்டும் முப்பதைத் தாண்டுச்சு. எண்ணின பையன் அறிக்கை வாசிக்கிறப்ப அவனே, "வந்து, பாத்தீங்கன்னா"ன்னு ஆரம்பிச்சான்.

பூக்கார அண்ணன் பேச்சுல ஒண்ணுகூட இல்ல. கவனிச்சுப் பாத்தா அவர் ஏலம் போட்டுப் பழகின ஆள். விலையைச் சொல்லிட்டுச் சும்மா நிப்பார். எதிர்ல இருக்கிறவன் முகத்தைப் பாப்பார். மேடையிலயும் அப்படியே, 'மூவாயிரம்'னு சொல்லிட்டு நின்னார், யாரோ பின்னாடி 'யாத்தே'ன்னாங்க, அப்புறம்தான் அடுத்த வரி. எந்தப் பயிற்சிப் புத்தகமும் அவருக்கு அதைச் சொல்லித் தரலை.

தம்பி கேட்டது எனக்கும் உறுத்தல்தான், அவர் அடுத்த வாட்டி வருவாரான்னு. அதனால காலையில போன் பண்ணினேன். கோபமெல்லாம் இல்ல. "எனக்கு மார்க்கு போடலைன்னு நெனைக்கல தம்பி, எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே"ன்னார். அவரை மதிப்பீடு பண்ண வேண்டியவர் எழுந்தப்ப வாட்ச்மேன் லைட்டை அணைச்சு அணைச்சுப் போட ஆரம்பிச்சுட்டார். "சூப்பர்ண்ணே, நேரம் மட்டும் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். பதினோரு நிமிஷம் பேசினவருக்குக் கிடைச்சது அவ்வளவுதான்.

மாசிவீதி_மாப்ள எழுதியது:

அட இது எனக்குத் தெரியாதே. நான் அதுக்குள்ள வண்டியெடுக்கப் போய்ட்டேன்.

சரிண்ணே, அவருக்கு யாராச்சும் சொல்லணும்னா நான் என்ன சொல்வேன்னா, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போன் அடிச்ச கத இருக்குல்ல, அது மட்டுமே ஒரு பேச்சு. மார்கழிப் பனி இன்னொண்ணு. நடுவுல மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சத சொன்னாரு பாருங்க, அங்க மட்டும் எனக்குக் கொஞ்சம் செல்போனப் பாக்கத் தோணுச்சு. அது பேப்பர்ல வந்த செய்தி. மத்ததெல்லாம் அவரு கண்ணால கண்டது.

கோரிப்பாளையம்_24 எழுதியது:

மாப்ள, இதத்தான் மதிப்பீடுன்னு சொல்றாங்க. சிவப்பு அட்டைய வேணாம்னவன் அவர் பேச்ச ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துட்ட.

மாசிவீதி_மாப்ள எழுதியது:

அட போங்கண்ணே. இன்னமும் நான் அவரு பக்கம்தான். ரெண்டா பிரிச்சா ரெண்டு வாட்டி கேக்கலாம்ல, அதுக்குச் சொன்னேன்.

சிங்கையிலிருந்து எழுதியது:

வைகைக்கரைக்கு ஒரு யோசனை. வாட்ச்மேன் எட்டரைக்கு வருவது தெரிந்ததுதானே? நாலு உரை, நாலு மதிப்பீடு, டேபிள் டாபிக்ஸ், டைமர், 'ஆ' கணக்கு, இலக்கண அறிக்கை, ஓட்டு, பரிசு, தலைவர் நன்றியுரை. ஒன்றரை மணி நேரத்தில் இத்தனையும் அடங்க வேண்டுமானால் ஒருவரும் அரை நிமிடம்கூட வழுக்கக் கூடாது. எங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. உரைகளை மூன்றாகக் குறைத்தோம். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு உரை முடிந்ததும் அதன் மதிப்பீட்டை அப்போதே வைத்துவிட்டோம், கடைசிக்குத் தள்ளவில்லை. நேரம் தவறினால் டேபிள் டாபிக்ஸ் அடிபடும், மதிப்பீடு தப்பித்துவிடும். வழக்கமான வரிசை இது இல்லை, முறை தெரிந்த பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

சிம்மக்கல்_வாசகர் எழுதியது:

பேசி இறங்கியவுடன் மதிப்பீடா? படபடப்பு அடங்கியிருக்காதே, காதில் ஏறுமா? கேட்பவரும் பேச்சை அசைபோட நேரம் வேண்டாமா?

சிங்கையிலிருந்து எழுதியது:

அந்தச் சிக்கல் உண்டு. எழுதிக் கொடுக்கிற சீட்டு அதற்குத்தான். காதில் ஏறாதது இரவு வீட்டில் படிக்கும்போது ஏறும்.

வைகைக்கரை எழுதியது:

கிளப் வாட்ஸ்அப் குழுவில போட்டேன். உடனே சண்டை ஆரம்பிச்சாச்சு. அணை சார் சிங்கை சொன்ன வரிசைக்கு ஆதரவு, தனக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கும்னு. தலைவர் எதிர்ப்பு. அடுத்த தமிழ்க் கூட்டத்துக்கு மட்டும் சோதனையா வச்சுப் பாக்கலாம்னு பாதி சம்மதம். மூணு உரைதான்: நர்சிங் பொண்ணு மறுபடி, பூக்கார அண்ணன் பனி மட்டும், மூணாவது இடம் காலி.

பழைய பட்டிமன்றம் ஐயா, நீங்க பசுமலைப் பக்கம்தான் இருக்கீங்கன்னு ஒருமுறை எழுதின ஞாபகம். மதிப்பீட்டாளரா வந்து உக்கார முடியுமா? வேன் கிடையாது, ஆனா பருத்திப்பால் உண்டு.

பழைய_பட்டிமன்றம் எழுதியது:

வருகிறேன். எனக்கும் அட்டை காட்டுவீர்களா?

வைகைக்கரை எழுதியது:

காட்டுவோம் ஐயா. ரெண்டு நிமிஷத்துல பச்சை, ரெண்டரையில மஞ்சள், மூணுல சிவப்பு.